நாற்பது கேள்விகளைக் காணவில்லை

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாணு மாமா போட்ட அலறல் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வரைக்கும் கேட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு!"

முதலில் ஓடி வந்தது அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி. அவள் கையில் சட்னிக் கரண்டி இருந்தது. மாமா கணினியின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. கண் திரையில் குத்திட்டு நின்றது. நல்லவேளை, மூச்சு இருந்தது.

"என்னன்னா ஆச்சு?"

"கேள்விகளைக் காணோம்."

மாமியின் முகத்தில் ஏதோ ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. அது துக்கம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நாணு மாமாவின் வினாடி வினாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தமாகக் கட்டிய மூன்று மாடி வீட்டில் மேல் மாடியில் அவர் குடியிருந்தார், கீழே வாடகைக்குக் குடித்தனங்கள். வருஷா வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை, மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு வினாடி வினா நடத்துவார். நாற்பது கேள்விகள். "ஹலசூர் ஏரியில் முதல் படகு விட்டவரின் மைத்துனர் எந்த இலாகாவில் வேலை பார்த்தார்?" என்கிற ரகம். விடை தெரிந்தவர் பெங்களூரிலேயே ஒருவர்தான், அவர்தான் கேள்வி கேட்பவர். ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கவுரை உண்டு. சாப்பாடு நாற்பதாவது கேள்விக்குப் பிறகு. குடித்தனக்காரர்கள் யாரும் இதுவரை வராமல் இருந்ததில்லை. வீட்டுக்காரர் நடத்துகிற போட்டிக்கு எப்படி வராமல் இருப்பது?

கேள்விகள் கசிந்துவிடும் என்கிற பயத்தில் மாமா பிரதி எடுப்பதில்லை. அச்சடிப்பதும் இல்லை. எல்லாம் அந்த ஒரே கணினியில், ஒரே கோப்பாக இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குப் போட்டி. கோப்பு இல்லை.

"அந்தப் பையனைக் கூப்பிடு" என்றார் மாமா.

அந்தப் பையன் யுவன். விருதுநகர்க்காரன். வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. தரைத்தளத்தில் மனைவி சிந்துவோடு குடியிருந்தான். மாமாவுக்கு எதிலும் புத்தம் புதியது வேண்டும். வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டு, "ஊர்ல யாருக்கும் வராத வர்ஷன் ஏதாவது இருந்தா போடுங்கோ" என்று கேட்டார். அவனும் கணினியின் இயங்குதளத்துக்கு ப்ரிவ்யூ அப்டேட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன்னால், ஆர்வமுள்ளவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று விடுகிற முன்னோட்டப் பதிப்பு அது.

யுவன் வந்து நின்றதும் மாமா எழுந்தார்.

"உங்க அப்டேட் என் கேள்விகளை முழுங்கிடுத்து."

"சார், அப்டேட் அந்த மாதிரி ஃபைலையெல்லாம்..."

"முழுங்கிடுத்து. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்கோ."

யுவனுக்குப் பேச்சு வரவில்லை. பின்னாலேயே வந்து நின்ற சிந்துவுக்கு வந்தது.

"என்ன சார் இது? கம்ப்யூட்டர் ரிப்பேர்னா மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. குடித்தனத்தையா காலி பண்ணச் சொல்லுவாங்க?"

பெங்களூரில் அவர்களுக்கு வீடு கிடைத்த கதை பெரிது. பேச்சு நன்றாகவே போகும். கடைசியில் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்பார்கள், அதோடு கதவு சாத்திக்கொள்ளும். நாணு மாமா ஒருவர்தான், தனக்குப் பழக்கமில்லை என்றாலும், மீன் சமைப்பது அவரவர் சொந்த விஷயம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தவர். சிந்துவுக்கு ஹலசூரிலேயே வேலையும் கிடைத்திருந்தது. நடந்து போய் நடந்து வருவாள். இந்த ஊரில் இப்படி வாழக் கொடுத்து வைத்தவர்கள் குறைவு.

சிந்து விறுவிறுவென்று இறங்கி முதல் மாடிக் கதவைத் தட்டினாள்.

"சுவர்ணாக்கா, கொஞ்சம் வாங்க. எங்க வீடு போயிரும் போலிருக்கு."

சுவர்ணாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதுவது அவள் வேலை. அதை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. ஒரு தடவை குறிப்புகளின் நடுவே மைசூர் ரசத்தின் செய்முறையைச் சேர்த்துப் பார்த்தாள். பல மாதம் ஆகியும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் மட்டும் மற்ற நிறுவனங்களின் மாற்றக் குறிப்புகளை விடாமல் படித்தாள். மற்றவர்கள் சினிமா விமர்சனம் படிக்கிற சுகம் அவளுக்கு அதில் இருந்தது. இதற்கு முன் அந்தத் தெருவில் காணாமல் போன ஒரு கியாஸ் சிலிண்டரையும் ஒரு பாமரேனியனையும் அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள்.

அவள் மேலே போனபோது அவள் மனசுக்குள்ளும் ஒரு சின்னப் போராட்டம் இருந்தது. கோப்பு கிடைத்துவிட்டால் போட்டி நடக்கும். கிடைக்காவிட்டால் யுவனுக்கு வீடு போகும். யுவனின் முகத்தைப் பார்த்தாள். சரி, நடந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

"மாமா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்து தேடினாள். கோப்பு இருந்த இடத்தில் இல்லை. பெயரைக் கொடுத்துத் தேடினால் வேறு எங்கேயும் இல்லை. திரையின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டியைத் திறந்தாள். காலி.

"குப்பைத் தொட்டியை எப்பவும் காலி பண்ணி வெச்சுப்பீங்களா மாமா?"

"அதைக் காலி வேற பண்ணணுமா? வாங்கின நாள்லேர்ந்து அதுல கொட்டிண்டுதான் இருக்கேன். ரொம்பி வழியும்."

"இப்ப துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே."

"அப்டேட் துடைச்சிருக்கும்."

"அப்டேட் என்னென்ன பண்ணுதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க." சுவர்ணா தன் கைபேசியை எடுத்தாள். "படிக்கறேன், கேளுங்க. ஸ்டார்ட் மெனு பெருசாயிருக்கு."

"ஆமாம். என் பஞ்சாங்கத்தை எங்கேயோ தள்ளிட்டான்."

"மூலையில கடிகாரம் இனிமே வினாடியும் காட்டும்."

"அது நன்னாயிருக்கு. அந்த ஒண்ணுக்காகத்தான் அதை விட்டு வெச்சிருக்கேன்."

"தேடற பெட்டி இடம் மாறியிருக்கு. கணினி முடங்கினா வர்ற திரையைக் கருப்பு நிறத்துல, ரெண்டே வரியில சுருக்கிட்டாங்க. புதுசா ஈமோஜி சேர்த்திருக்காங்க, கண்ணுக்குக் கீழ பை தொங்கற மூஞ்சி, கிழங்கு..."

"கிழங்கா? கிழங்குக்கு எதுக்குப் படம்?"

"தெரியல மாமா. ஆனா ஃபைலை அழிக்கறதாவோ குப்பைத் தொட்டியைக் காலி பண்றதாவோ எங்கேயும் இல்ல. தெரிஞ்சே இருக்கற பிழைகள்னு தனியா ஒரு பகுதி இருக்கு. அதுலயும் இல்ல."

"எழுதாம விட்டிருப்பான்."

மாற்றக் குறிப்பு எழுதுகிறவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சுவர்ணாவின் புருவம் ஏறியது. மாமியின் பக்கம் திரும்பினாள்.

"மாமி, இன்னிக்கு இந்த ரூமுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

மாமி காலையில் இருந்து மூன்று மணி வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் அந்த அறைக்குள் போக முடியாது.

"கார்த்தால யுவன் வந்து ப்ரொஜெக்டரை மாட்டினான். பன்னெண்டு மணி வாக்குல க்ளென் வந்து பஸ்ஸர் டப்பாவை வெச்சுட்டுப் போனார். அப்ப இவர் ஸ்நானம் பண்ணிண்டிருந்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் பத்ரிநாத் வந்தான், பேப்பர் வேணும்னு. அப்ப இவர் தூங்கிண்டிருந்தார்."

"நீங்க?"

"நான் எதுக்கு உள்ள போறேன்? அந்த மிஷினைக் கண்டாலே எனக்கு ஆகாது."

மூன்று பேர். சுவர்ணா யுவனிடம் இருந்து தொடங்கினாள்.

"காலையில கோப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. தொறந்து சுவத்துல தெரியுதான்னு பாத்தேன். முதல் பக்கத்துல சார் போட்டோ. நல்லா தெரிஞ்சுச்சு. மூடிட்டேன்."

"கேள்வி எதையாவது படிச்சீங்களா?"

"ஐயோ, அதை எதுக்குக்கா நானா போய்ப் படிக்கணும்?"

இந்தப் பதிலில் இருந்த உண்மையை மாமாவைத் தவிர எல்லோரும் உணர்ந்தார்கள்.

அடுத்தது க்ளென். அவரும் மனைவி நோராவும் மொட்டை மாடியில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கீழே வரவழைத்தார்கள். க்ளென் நாணு மாமாவோடு ஒரே இலாகாவில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். பிரேசர் டவுன்காரர். நல்ல உயரம், வெள்ளை மீசை. போட்டியில் நேரம் பார்ப்பது எப்போதும் அவர்தான். நோரா கையில் பிளம் கேக்கோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் யுவனைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதே பா. என் ஹஸ்பெண்டைப் பாரு. ஹாக்கி ஃபைனல்ல கடைசி நிமிஷம் பெனால்ட்டி. கோல்ல இவர். ஸ்டேடியமே கத்துது. இவர் மட்டும் அசையல. பிடிச்சாரு. அப்படி நிக்கணும்."

க்ளென் இருமினார். "அதெல்லாம் இப்ப எதுக்கு நோரா?"

"அங்கிள், பன்னெண்டு மணிக்கு உள்ள போனப்ப என்ன பாத்தீங்க?" என்றாள் சுவர்ணா.

க்ளென் மீசையை நீவினார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். பாவம், சின்னப் பையன். ஆனா கேட்டுட்டே. பஸ்ஸரை டேபிள் மேல வெச்சேன் மேன், அந்த நேரம் பாத்து மெஷின் கிராஷ் ஆயிடுச்சு. அப்புறம் அதுவா ஆஃப் ஆயி, அதுவா ஆன் ஆச்சு. நான் தொடவே இல்ல. காட் பிராமிஸ்."

"திரையில என்ன தெரிஞ்சுது?"

"என்ன தெரியும்? ஃபுல்லா நீலம். சோக மூஞ்சி ஒண்ணு. கீழ பர்சென்ட் ஓடிச்சு. எல்லாருக்கும் வர்றதுதானே."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"குளிச்சிட்டு வந்து நெத்திக்கு இட்டுட்டு சந்தோஷமா இருந்தாரு. நாமளா போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாமா மேஜையைத் தட்டினார். "பார்த்தேளா? நான் சொன்னேனா இல்லையா?"

யுவனின் முகம் தொங்கிவிட்டது. இதுவரை தன் மேல் தப்பில்லை என்று நின்றவன் அவன். கணினி முடங்கியது என்றதும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ப்ரிவ்யூ என்றால் ப்ரிவ்யூதான், அதில் எதுவும் நடக்கலாம் என்று அவனுக்குத் தெரியும்.

"சார், அப்ப நான்தான் காரணம் போல. உங்க வேலை செய்யற மெஷின்ல நான் அதைப் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க சார்."

சிந்து அவனையே பார்த்தாள். சண்டை போட வந்தவளுக்கு இப்போது சண்டை போட இடமில்லை. "வா, கீழ போலாம்" என்றாள் மெதுவாக. "பெட்டியாவது எடுத்து வைக்கலாம்."

"ஸ்வல்ப இருங்க" என்றாள் சுவர்ணா. "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கார்."

அலறல் கேட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டுப் பத்ரிநாத், பல் டாக்டர். படித்த மனிதர். நோயாளிகள் மரியாதை வைத்திருந்தார்கள். ஆனால் நாணு மாமாவின் போட்டியில் எல்லா வருஷமும் கடைசி இடம் அவருக்குத்தான். போன வருஷம் கடைசி இடத்துக்கென்றே மாமா ஒரு சின்னப் பரிசு ஏற்பாடு செய்து, மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தார். அது இன்னும் டாக்டருக்கு ஆறவில்லை.

"டாக்டர், மத்தியானம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"பேப்பர் எடுத்துண்டு போகலாம்னு."

"கணினி எப்படி இருந்துச்சு?"

"கருப்பா இருந்துது. அணைஞ்சு கிடந்துது. நான் கிட்டவே போகலை."

"தொடவே இல்லையா?"

"அதை எதுக்கு நான் தொடப்போறேன்? எனக்குப் பேப்பர் வேணும், எடுத்தேன், வந்துட்டேன். அந்தச் சனியன் கடிகாரம் வேற டக்கு டக்குன்னு செகண்ட் ஓடிண்டே இருக்கு, பார்த்தாலே படபடன்னு வரது."

சுவர்ணா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எந்தக் கடிகாரம் டாக்டர்?" என்றாள் சுவர்ணா.

பத்ரிநாத் சுவரைப் பார்த்தார். சுவரில் பெருமாள் படம்தான் இருந்தது. மேஜையைப் பார்த்தார். அங்கே பஸ்ஸர் டப்பாதான் இருந்தது.

"இந்த ரூம்ல வேற கடிகாரமே இல்ல. கணினி மூலையில வினாடி ஓடறது வியாழக்கிழமை அப்டேட்ல வந்தது. அதுக்கு முன்னாடி அது நிமிஷம் மட்டும்தான் காட்டும். அணைஞ்சு கருப்பா இருந்த திரையில வினாடி எப்படி ஓடிச்சு?"

பத்ரிநாத் உட்கார்ந்துவிட்டார். பல் பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தவரைப் போல கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போறும்னு நினைச்சேன். ஒரு வருஷமாவது கடைசி வரப்படாதுன்னு."

"பத்ரி!" என்று கத்தினார் மாமா. "நீயா அழிச்சே?"

"நான் எங்கே அழிச்சேன்? மவுஸைத் தட்டினேன், திரை முழிச்சுண்டுது. தேடு தேடுன்னு தேடினேன். ஒண்ணும் இல்லை. நீங்க எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டேள்னு நினைச்சுண்டு பேப்பரை எடுத்துண்டு போயிட்டேன். சத்தியமா!"

"நம்ப முடியாது. இவன்தான்."

"டாக்டர் சொல்றது நிஜம் மாமா" என்றாள் சுவர்ணா. "பொய் சொன்ன வரைக்கும் திணறினார். இப்பதான் மூச்சு விடறார். அதோட, கேள்வி தெரிஞ்சுக்க வந்தவர் கேள்வியை ஏன் அழிக்கணும்? படம் புடிச்சுண்டு போயிருப்பார். அவர் வர்றதுக்கு முன்னாடியே கோப்பு போயாச்சு."

"அப்ப அப்டேட்தான். க்ளென் கண்ணால பார்த்திருக்கானே."

சுவர்ணா க்ளென் பக்கம் திரும்பினாள். அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. யோசித்துச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தாள் என்பது பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

"அங்கிள், நீங்க பார்த்த திரையை இன்னொரு தரம் சொல்லுங்க. சரியா ஞாபகம் இருக்கா? வேற ஏதாவது மாத்திச் சொல்லணுமா?"

க்ளென் அந்த வாய்ப்பை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் நன்றாகச் சொன்னார்.

"ஏன் மாத்தணும்? கண்ணு முன்னால நிக்குது. ஆகாச நீலம். என் சட்டை மேலயே அந்த நீலம் அடிச்சுது. இவ்ளோ பெரிய சோக மூஞ்சி. ரெண்டு புள்ளி, ஒரு பிறை."

சுவர்ணா கைபேசியை மேஜை மேல் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி நான் மாமாவுக்கு மாற்றங்களைப் படிச்சேன். கிழங்கு வந்ததும் எல்லாரும் கிழங்கைப் பிடிச்சுண்டீங்க. அதுக்கு முந்தின வரியை யாரும் கவனிக்கல. முடங்கினா வர்ற திரையை மாத்திட்டாங்க. வியாழக்கிழமையிலேர்ந்து இந்த மெஷின்ல அது கருப்பு. சோக மூஞ்சியையும் எடுத்துட்டாங்க. அதுக்காக ரெண்டு பேர் கண்ணீர் விட்டுக் கருத்து எழுதியிருக்காங்க, அதையும் படிச்சேன். இந்த மெஷின் நூறு தடவை முடங்கினாலும் நீலம் வராது அங்கிள்."

க்ளென் மீசையில் இருந்து கையை எடுத்தார்.

"அது ப்ரிவ்யூதானே மேன். சில சமயம் பழசும் வரலாமில்ல?"

"வரலாம்னே வெச்சுப்போம். யுவன், இந்த மெஷின் கடைசியா எப்ப ஸ்டார்ட் ஆச்சுன்னு பாருங்க."

யுவன் குனிந்து இரண்டு மூன்று தடவை தட்டினான். பிறகு நிமிர்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்திருந்தது.

"வியாழக்கிழமைக்கா. நான் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினது. அதுக்கப்புறம் ஆஃப் ஆகவே இல்ல. சார் அணைக்கறதே இல்ல போல." தலையில் அடித்துக்கொண்டான். "இதை நான் முதல்லயே பாத்திருக்கணும்."

"உங்க மேலதான் தப்புன்னு நீங்களே நம்பிட்டீங்க. அப்புறம் எங்கே பாக்கறது?" சுவர்ணா மறுபடி க்ளென்னைப் பார்த்தாள். "மெஷின் முடங்கல. ஒரு ஆள் கோப்பை அழிச்சு, குப்பைத் தொட்டியைத் துடைச்சு, பழியைப் போட ஒரு கதையும் யோசிச்சிருக்கார். முடங்கின மெஷின் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொன்னார். அது இந்த வாரம்தான் மாறிச்சுன்னு அவருக்குத் தெரியல. ஏன் அங்கிள்?"

"க்ளென்?" என்றார் நாணு மாமா. கோபம் இல்லை, குழப்பம்தான். "நீயா?"

க்ளென் நோராவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எந்தக் கேள்விக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு பாக்கத்தான் தொறந்தேன் நாணு. முப்பத்தொண்ணாவது கேள்வியைப் பாத்தேன்."

"அது உனக்கு நான் வெச்சிருந்த சர்ப்ரைஸ்!" மாமாவின் முகம் மலர்ந்தே விட்டது. "நம்ம டிபார்ட்மெண்ட் ஹாக்கி ஃபைனல். ஃபோட்டோவோட போட்டிருந்தேனே! பரண்ல கிடைச்சுது."

"என்ன கேள்வி?" என்றாள் நோரா.

மாமாவுக்குப் பொய் வராது. பொய் வேண்டியிருக்கிற இடமும் தெரியாது.

"அன்னிக்கு ஃபைனல்ல க்ளென் பார்த்த வேலை என்னன்னு. விடை, இடைவேளையில ஆட்டக்காராளுக்கு ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தது. தட்டும் கையுமா என்ன அழகா இருக்கான் தெரியுமா? எல்லாரும் கோல் அடிச்சவனைத்தான் பேசுவா. ஆரஞ்சு கொடுத்தவனை யார் பேசறா? அவனுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னு..."

மாமி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் நிறுத்தினார்.

கேக்குத் தட்டு நோராவின் கையில் அப்படியே இருந்தது.

"அப்ப பெனால்ட்டி?" என்றாள்.

"பெனால்ட்டி நிஜம்தான்" என்றார் க்ளென். "பிடிச்சது வேற ஆளு."

நோரா தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

க்ளென் யுவனிடம் வந்தார். இப்போது அவர் உயரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"தம்பி, பழியை அப்டேட் மேலதான் போட்டேன். அப்டேட்டுக்கு என்ன, வலிக்கவா போகுதுன்னு நினைச்சேன். அதுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கறான்னு தோணல. நாணு உன்னைக் காலி பண்ணச் சொன்னாருன்னு கேட்டப்புறமாவது வாய் தொறந்திருக்கணும். தொறக்கல. அதான் பெரிய தப்பு. ஸாரி பா."

யுவன் தலையாட்டினான். சிந்துவுக்கு அது போதவில்லை. அவள் நாணு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சார்?"

நாணு மாமா தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"இன்று பிற்பகல் பிறப்பித்த உத்தரவு ரத்து செய்யப்படுகிறது."

"உத்தரவு ரத்தாச்சு. இவரு மனசு?"

மாமா யுவனைப் பார்த்தார். ஆபீஸில் எத்தனையோ பேரின் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டவர். தன் தப்பைச் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் விசாரிக்காம தீர்ப்புச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுடுங்கோ."

சுப்புலக்ஷ்மி மாமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளில் இருந்து அந்த வார்த்தை அவர் வாயில் இருந்து வந்து அவள் கேட்டதில்லை. பிறரிடம் சொன்னார் என்றாலும், கேட்டவரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டாள்.

"போட்டி?" என்று மெல்லக் கேட்டார் பத்ரிநாத்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கண்ணை மூடி யோசித்தார். முதல் கேள்வி ஞாபகம் வந்தது. இரண்டாவதும் வந்தது. அறையில் யாரும் மூச்சு விடவில்லை. மூன்றாவது வரவில்லை.

"இந்த வருஷம் இல்லை" என்றார்.

"அடடா" என்றார்கள் எல்லோரும். பத்ரிநாத் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

அன்று மொட்டை மாடியில் சரித்திரத்திலேயே முதல் தடவையாக வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள். அவரைக்காய்ச் சாம்பார் சூடாக இருந்தது. மீதிச் சாப்பாட்டோடு கேட்டரிங்காரர்கள் வருவதற்குள் பிளம் கேக் தீர்ந்துவிட்டது. மாமா மட்டும் கொஞ்ச நேரம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். யுவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், அந்தப் படகு விட்டவர் மச்சான் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஒருவர் கேட்டது மாமாவுக்கு அதுவே முதல் தடவை. பதில் பாயசம் வரைக்கும் போனது.

நோரா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். க்ளென்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் இருவரும் கிளம்பினார்கள். ஆட்டோ ஹலசூர் ஏரியைத் தாண்டும் வரைக்கும் க்ளென் பொறுத்துப் பார்த்தார்.

"ஏதாவது சொல்லு நோரா. திட்டு."

"நம்ம ஷோகேஸ்ல ஒரு கப் இருக்கே. பெஸ்ட் கோல் கீப்பர்னு எழுதினது."

க்ளென் வெளியே பார்த்தார். "சிவாஜிநகர்ல வாங்கினேன். உங்க அப்பா என்னை மாப்பிள்ளை பாக்க வர்றதுக்கு முந்தின வாரம்."

"எழுத்து?"

"கடைக்காரனே வெட்டிக் குடுத்தான்."

நோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து க்ளென் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் அழவில்லை.

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிராசோ பாலிஷ் போட்டு, கை கருத்துப் போற அளவுக்குத் தேய்ச்சேன் மேன் அதை! சர்ச்லேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்!"

"தூக்கிப் போட்டுடறேன்."

"ஏன் போடணும்? நல்ல கப். இன்னும் பளபளன்னு இருக்கு." ஆட்டோ பிரேசர் டவுனுக்குள் திரும்பியது. நோரா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் கிறிஸ்மஸ். இந்தத் தடவை நீ தேய்."